எங்கள் வீட்டு எண்ணில் குடியிருந்த பெண்கள்

தம்பி,

நீ கனடாவுக்கு விமானம் ஏறி இன்றோடு நாற்பது நாள் ஆகிறது. தினமும் போனில் பேசுகிறோம். சாப்பிட்டாயா, குளிருகிறதா, ஸ்வெட்டர் போட்டாயா என்று நான் கேட்பேன். ஆச்சும்மா, ஆச்சும்மா என்று நீ சொல்வாய். அதற்குள் உனக்கு வகுப்புக்கு நேரமாகிவிடும். சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வைத்துவிட்டு, பிறகு அடுப்பில் கொதிக்கிற ரசத்திடம் அதைச் சொல்லிக்கொண்டிருப்பேன். முப்பது வருடம் கிராம சுகாதார நர்ஸாக இருந்து ரிஜிஸ்டர் ரிஜிஸ்டராக எழுதித் தள்ளியவள் நான். பெற்ற பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுத இத்தனை தாளைக் கிழிப்பேன் என்று நினைக்கவில்லை. எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். கையெழுத்து புரியவில்லை என்று சாக்குச் சொல்லாதே. இதே கையெழுத்தைத்தான் ஒரு மாதம் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றினாய். வரும் வெள்ளிக்கிழமை நீ உன் ஆராய்ச்சியைப் பற்றி எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று பேசுவதற்குள் இதைப் படித்தாக வேண்டும்.

உன் படிப்பு என்னவென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மாடியிலிருந்து வீட்டுக்கார மாமி கேட்டார், "பிள்ளையாண்டான் கனடா போயிருக்கானாமே, டாக்டருக்கா, இன்ஜினியருக்கா?" என்று. ஒவ்வொரு நாட்டிலும் யாருக்கு நோய் அதிகம் வருகிறது, யாருக்கு வைத்தியம் கிடைக்காமல் போகிறது, ஏன் போகிறது என்று ஆராய்கிற படிப்பு, அதுவும் அப்படிக் கிடைக்காமல் போன ஜனங்களின் பிள்ளைகளாகவே பார்த்துத் தேர்ந்தெடுத்து ஆராயக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று நீ சொல்லிக்கொடுத்தபடியே ஒப்பித்தேன். "இதை ஆராய வேற செய்யணுமா? அதான் லோகத்துக்கே தெரியுமே! என்னமோ, பெருமாள் கிருபை, க்ஷேமமா இருக்கட்டும்" என்றார் மாமி. அப்புறம், "நீங்க உப்பிலியபுரம்தானே, அங்கேயா வைத்தியம் கிடைக்கலை?" என்று கேட்டார். "ஆமாங்க மாமி, உப்பிலியபுரம்தான்" என்றேன். ஸ்ரீரங்கத்துக்கு வந்து இருபது வருடமாகிறது. யார் கேட்டாலும் இதே பதில்தான். மலை என்ற சொல் என் வாயிலிருந்து இந்தத் தெருவில் ஒருநாளும் வந்ததில்லை.

நீயோ அதையே முதல் வரியில் எழுதினாய். பச்சைமலைப் பழங்குடியில் பிறந்தவன் நான் என்று விண்ணப்பத்தில் நீ எழுதியிருந்ததை வாசித்துக் காட்டியபோது, எனக்கு ஒருபக்கம் பெருமையாக இருந்தது, ஒருபக்கம் யாரோ என் முந்தானையைப் பிடித்து இழுப்பதுபோலவும் இருந்தது. உன் அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஊரைக் கேட்டால் அடிவாரத்தைச் சொல்லிப் பழகிவிட்டோம். நான் மறைத்துவைத்ததைக் காட்டித்தான் உனக்கு இடம் கிடைத்திருக்கிறது. இதில் நான் செய்தது தப்பா, நீ செய்வது சரியா என்று எனக்குக் கேட்கத் தெரியவில்லை. போன வாரம் வீடியோவில் உன் வகுப்பைக் காட்டினாய். பிலிப்பைன்ஸ் மீனவர் வீட்டுப் பெண் கை அசைத்தாள், பெரு நாட்டு மலைக்காரப் பையன் வணக்கம் சொன்னான். உங்கள் டீச்சரம்மாவும் கனடாவின் பூர்வகுடியாமே, அவர் என்னிடம் உங்கள் மலையைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டார். "அங்க நல்லா காத்து வரும்" என்றேன். நீ அதை என்னமாக மொழிபெயர்த்தாயோ, எல்லோரும் கைதட்டினார்கள்.

நீ எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி மட்டும் எனக்கு நன்றாகவே புரிந்தது. அதுதான் வம்பாகப் போயிற்று. கிளம்புவதற்கு முன்பே முறைப்படி அனுமதி வாங்கி, உப்பிலியபுரத்தில் நான் வேலை பார்த்த வருடங்களின் பிரசவப் பதிவேடுகளையெல்லாம் படியெடுத்துக்கொண்டு வந்தாய். மலையில் எத்தனை பிரசவம், கீழே எத்தனை, எங்கே தாய் செத்தாள், எங்கே பிள்ளை செத்தது என்று ஊர் வாரியாகப் பிரித்தாய். ஒருநாள் மத்தியானம் சாப்பிட்ட கையோடு எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக் குலுக்கினாய். "அம்மா, மத்த மலையிலயெல்லாம் தாய் சாவு அதிகம். நீ பாத்த ஊர்ல மட்டும் மலைக்கும் கீழுக்கும் வித்தியாசமே இல்லம்மா. மலையில ஒரு சாவுகூட இல்ல. ஏன் தெரியுமா? நர்ஸ் அந்த ஜனத்துலயே பொறந்தவ. அதான் காரணம். அதத்தான் நான் சொல்லப் போறேன்" என்றாய். என் சின்ன வயது யூனிபார்ம் போட்டோவைத் தேடி எடுத்து, முதல் பக்கத்தில் வைக்கப் போகிறேன் என்றாய். நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? "மோர் ஊத்திக்கிறியா?" என்றேன்.

மறுநாளே நீ ஒன்று கேட்டாய். "நாலு பார் பதினேழுன்னு ஒரே கதவு எண் இத்தனை தடவ வருதேம்மா, ஏன்?" பெரிய காம்பவுண்டு, நிறையக் குடித்தனம் என்று சொன்னேன். நீ நம்பினாய். அம்மா சொன்னால் நம்பாமல் என்ன செய்வாய்! அது காம்பவுண்டும் இல்லை, ஒன்றும் இல்லை. முன்னால் ஒரு அறை, பின்னால் ஒரு சமையல்கட்டு. நீ தவழ்ந்த வீடு அது. நாம் உப்பிலியபுரத்தில் வாடகைக்கு இருந்த வீட்டின் எண்தான் நாலு பார் பதினேழு. அந்தப் பதிவேடுகளில் அந்த எண்ணுக்கு நேரே இருக்கிற அத்தனை பெண்களும் மலைமேல் இருந்தவர்கள். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் அட்டையிலும் அதே முகவரியைத்தான் எழுதினேன். "எத்தன பேரத்தான் நம்ம வீட்ல குடி வச்சிருக்க?" என்று உன் அப்பா கேலி செய்வார். நானும் சிரிப்பேன்.

ஏன் எழுதினேன் என்று நீ கேட்பாய். முதல் தடவை எழுதியதற்குக் காரணம் எனக்கு நன்றாகத் தெரியும். நிறைமாதமாக இருந்த ஒரு மலைப் பெண்ணை டவுனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். சீட்டு எழுதுகிறவர் ஊர்ப் பெயரைக் கேட்டுவிட்டு, "மலையா? அப்படி ஓரமா உக்காரு" என்றார். காலையில் உட்கார்ந்தவளை மத்தியானம் தாண்டித்தான் கூப்பிட்டார்கள். அவளுக்குப் பின்னால் வந்த எல்லோரும் உள்ளே போய் வந்துவிட்டார்கள். நான் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் நீயும் மலையா என்பார்களே என்று பயம். அடுத்த பெண்ணுக்கு என் வீட்டு முகவரியை எழுதினேன். உப்பிலியபுரம் என்றதும் சீட்டு உடனே வந்தது. வழி கண்டுபிடித்துவிட்டேன் என்று அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அதற்கப்புறம் எழுதியதெல்லாம் இரக்கத்தால்தானா என்று கேட்டால், அங்கேதான் குழம்பிப்போகிறேன். மாதா மாதம் கூட்டம் நடக்கும். மலையில் வீட்டுப் பிரசவம் என்று யார் எழுதிக்கொண்டு போனாலும் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று திட்டு வாங்க வேண்டும். மலையில் வீட்டிலேயே பிறந்ததையும் நாலு பார் பதினேழில் சேர்த்துவிட்டதால், என் பக்கத்தில் மலை ஊர்களுக்கு நேரே பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். "இந்தம்மாவைப் பாருங்க" என்று அதிகாரி என்னைக் காட்டுவார். ஹாலில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறோமே, அந்தப் பாராட்டுச் சான்றிதழ் அப்படி வந்ததுதான். தினமும் அதைத் துடைக்கிறேன், தெரியுமா? துடைக்கும்போதெல்லாம் கழற்றிவைத்துவிடலாம் என்று நினைக்கிறேன், ஆனாலும் மனம் வரவில்லை. அந்தப் பெண்களுக்காக எழுதினேனா, எனக்காக எழுதினேனா, இரண்டுக்கும் சேர்த்தா? இத்தனை வருடம் கழித்து எதைப் பிரித்துப் பார்ப்பது?

இதில் பெரிய பாவம் ஒன்று இருக்கிறது. நாம் ஸ்ரீரங்கம் வருவதற்கு முந்தின வருடம், மலை ஜனங்கள் திரண்டு கீழே வந்து மனுக் கொடுத்தார்கள். மேலேயே ஒரு நர்ஸ் தங்க வேண்டும், அவசரத்துக்கு ஒரு ஜீப் வேண்டும் என்று கேட்டார்கள். அதிகாரி என் பதிவேட்டை வரவழைத்துப் புரட்டினார். "மேல பிரசவமே நடக்கலையே, சாவும் இல்லையே. எதுக்கு ஜீப்பு?" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். அடுத்த மாதமே மண்ணச்சநல்லூர் பக்கம் மாறுதல் கேட்டு வாங்கிக்கொண்டேன். உன் ஸ்கூலுக்காக, அப்பாவின் வேலைக்காக என்று எல்லோரிடமும் சொன்னேன், உன்னிடமும் அதைத்தான் சொல்லி வளர்த்தேன். ஓடி வந்தேன் என்பதுதான் நிஜம்.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லைதான். இருந்தாலும் நர்ஸ் வேலை பார்த்த வாய், சும்மா இருக்காது. ஒரு பக்கம் ரொம்பச் சுத்தமாக இருந்தால் சந்தோஷப்படாதே தம்பி, அங்கேதான் நின்று விசாரி. எழுதியவள் யாருக்குப் பயந்து எழுதினாள் என்று கேள். பேட்டி எடுக்கப் பழகிக்கொள்கிறேன் என்று என்னை உட்காரவைத்து, "விருப்பமில்லையென்றால் எந்த நேரத்திலும் நிறுத்திக்கொள்ளலாம்" என்று தாளைப் பார்த்து வாசித்துவிட்டு, சாயங்காலம் வரை கேள்வி கேட்டாயே! அதில் எல்லாம் கேட்டாய். எழுதினது நிஜமா என்பதை மட்டும் கேட்கவில்லை. பெற்றவளிடம் கேட்கக் கூச்சமாக இருந்திருக்கும். உன்னோடு படிக்கிற பிள்ளைகளுக்கும் இதே கஷ்டம் வரும் என்று நினைக்கிறேன். சொந்த ஜனத்தைப் போய் ஆராயச் சொன்னால், கேள்வி தொண்டையிலேயே நின்றுவிடும். அதற்கு என்ன மருந்து என்று எனக்குத் தெரியாது. உங்கள் டீச்சரம்மாவைக் கேள்.

உன்னிடம் சொல்வதற்கு முன்னால் அந்தப் பெண்களிடம் கேட்போம் என்று நேற்று மலைக்குப் போனேன். இப்போது ரோடு இருக்கிறது, பஸ் போகிறது, கூப்பிட்டால் நூற்றியெட்டு ஆம்புலன்ஸ் வருகிறது. முதலில் அலமேலுவைப் பார்த்தேன். அவளுக்கு இரண்டு பிரசவமும் மலையில் நான்தான் பார்த்தேன், இரண்டும் நாலு பார் பதினேழில்தான் எழுதியிருக்கிறேன். விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். "நான் உங்க வீட்லயா இருந்தேன்? ஒரு வாய் காப்பித்தண்ணி கூட குடுக்கலயே நர்ஸம்மா!" என்றாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "மாத்தி எழுதச் சொல்லுங்க. நாங்க இங்கதான் இருந்தோம்" என்றாள். ஒருத்தி சொல்லிவிட்டாள், இனி எல்லாம் சுலபம் என்று நினைத்துக்கொண்டு வெள்ளையன் வீட்டுக்குப் போனேன்.

வெள்ளையனின் மனைவி பெயர் செல்லம்மாள். நான் வேலை பார்த்த காலத்தில் மலையில் செத்துப்போன ஒரே தாய் அவள்தான். கோமதியைப் பெற்ற அன்றைக்கே போய்விட்டாள். அவளையும் கீழ்க்கணக்கில்தான் எழுதியிருக்கிறேன். அந்தக் குழந்தை கோமதிக்கு இப்போது இருபத்திரண்டு வயது, வயிற்றில் எட்டு மாதம், தலைப்பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வந்திருக்கிறாள். நான் போன நேரம் எடை பார்க்க அங்கன்வாடிக்குப் போயிருந்தாள். "எந்த ஆஸ்பத்திரியில பாக்குறீங்க?" என்று பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டேன். வெள்ளையன் முகம் இறுகிவிட்டது. "ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மாட்டேங்க. இங்க இருக்கிற புது நர்ஸும் நடையா நடக்குது. அவ ஆத்தாள ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டுப் போனதுனாலதானே போனா? இங்கேயே கெடந்திருந்தா பொழச்சிருப்பா" என்றார். உள்ளே போய் டிரங்குப் பெட்டியிலிருந்து செல்லம்மாளின் பழைய அட்டையை எடுத்துக்கொண்டு வந்து என் மடியில் வைத்தார். கடைசிப் பக்கத்தில், 'உப்பிலியபுரம் மருத்துவமனையில் மரணம்' என்று எழுதி, கீழே என் கையெழுத்து.

நடந்தது இதுதான். வெள்ளையன் அப்போது கேரளாவில் வேலைக்குப் போயிருந்தார். நான் போன நேரம் குழந்தை பிறந்துவிட்டது, ரத்தம் நிற்கவில்லை. கம்பில் போர்வையைக் கட்டி, அவளுடைய அண்ணன்மார் இரண்டு பேரும் தூக்கினார்கள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே ஓடினேன். "பாப்பா அழுதுச்சா?" என்று ஒருதரம் கேட்டாள். "நல்லா அழுதுச்சு, பொம்பளப் புள்ள" என்றேன். இரண்டாவது ஓடையைத் தாண்டும்போது நாடி நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்தது. அண்ணன்மாரிடம் சொல்லவில்லை. "மயக்கம், சீக்கிரம் நடங்க" என்றேன். பாதி வழியில் செத்துப்போனாள் என்று சொல்லியிருந்தால் அங்கேயே இறக்கி வைத்துவிட்டு அழுதிருப்பார்கள். கீழே யாராவது பிழைக்கவைத்துவிடுவார்கள் என்று நம்பினேனா, நான் தாமதமாகப் போனேன் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேனா? தெரியவில்லை தம்பி, சத்தியமாகத் தெரியவில்லை. அந்த அண்ணன்மார் தங்கச்சியின் உடம்பை உயிரோடு இருக்கிறாள் என்று நினைத்து ஒரு மணி நேரம் சுமந்தார்கள். உள்ளே கொண்டு போனதும் டாக்டர் பார்த்துவிட்டு, வழியிலேயே போய்விட்டது என்று என்னிடம் சொன்னார். நான் வெளியே வந்து, "உள்ள கொண்டு போனப்புறம்தான் போச்சு, டாக்டர் எவ்வளவோ பாத்தார்" என்று அவர்களிடம் சொன்னேன். ஆறுதலாக இருக்கட்டும் என்று. அட்டையில் கீழ் முகவரி, சாவும் கீழேதான் இருக்க வேண்டும் என்று அப்படியே எழுதியும் முடித்தேன். அவள் இன்னும் ஒரு மணி நேரம் முன்னால் கீழே வந்திருந்தால் ரத்தம் ஏற்றிக் காப்பாற்றியிருக்கலாம். பின்னால் ஜனங்கள் கேட்ட அந்த ஜீப் அன்றைக்கே மலையில் நின்றிருந்தால் அவள் இருந்திருப்பாள்.

இதையெல்லாம் நேற்று வெள்ளையனிடம் அப்படியே சொன்னேன். காலில் விழாத குறை. அவர் அழுவார், அடிப்பார், துரத்துவார் என்று எதிர்பார்த்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு அட்டையைத் தட்டிக் காட்டினார். "இது உங்க கையெழுத்துதானுங்களே?" என்றார். ஆமாம் என்றேன். "அன்னைக்கு எழுத்துல எழுதிக் குடுத்தீங்க. இன்னைக்கு வாயால வேற சொல்றீங்க. நான் எத நம்புறது? எம்பொண்ண எப்படியாச்சும் கீழ கொண்டு போகணும்னு நீங்களும் அந்தப் புது நர்ஸும் பேசி வச்சுக்கிட்டு வந்திருக்கீங்க. போய்ட்டு வாங்க" என்று எழுந்துவிட்டார். பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் ஒன்றையே நினைத்துக்கொண்டு வந்தேன். நான் எழுதினதை நம்புகிறார், நான் சொன்னால் நம்பவில்லை.

அதனால் தம்பி, வெள்ளிக்கிழமை என் போட்டோவை வைக்காதே. மலையில் சாவே இல்லை என்று சொல்லாதே. எல்லோரையும் மலைக்கு மாற்றி எழுது, அந்தந்தப் பெண் எந்த ஊர் என்று நான் ஞாபகத்திலிருந்து சொல்கிறேன். உன் ஆராய்ச்சி கெட்டுப்போகுமா, இதனால் உன் இடத்துக்கு ஆபத்து வருமா என்றெல்லாம் எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. கோபம் வந்தால் போனில் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் இன்னொரு பிரதியும் எழுதியிருக்கிறேன். அதே கையெழுத்து, கீழே அதே ஒப்பம். நாளைக் காலை முதல் பஸ்ஸில் அதை எடுத்துக்கொண்டு மலைக்குப் போகிறேன். எழுத்தில் இருந்தால்தான் வெள்ளையன் நம்புவார். ஆனால் அவருக்குப் படிக்கத் தெரியாது, கோமதிதான் வாசித்துக் காட்ட வேண்டும். எட்டு மாதக்காரியின் கையில் இதைக் கொடுக்கலாமா? கொடுக்காமல் இருக்கலாமா? நேற்றிலிருந்து மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் கொண்டுபோகிறேன்.

கோமதி, இதுவரைக்கும் வாசித்துவிட்டாய் என்றால் முதலில் உட்கார்ந்து கொஞ்சம் தண்ணீர் குடி. அப்பாவை ஒன்றும் சொல்லாதே, அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. மாற்றுத்துணி இரண்டு எடுத்துப் பையில் வை. நான் வாசலில்தான் நிற்கிறேன்.